அம்மாவின் விரல் ரேகை அழிந்துவிட்டதா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். என் அம்மாவுக்கு 58 வயது. கல்யாணமான காலத்திலிருந்து சித்தாள் வேலை பார்த்தவர். முதுகு வலி வந்தபிறகு அதை விட்டுவிட்டு, இப்போது மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார். அப்பா இறந்துவிட்டார். நான் கல்யாணமாகி வேறு ஊரில் இருப்பதால் ரேஷன் கார்டில் அம்மா பெயர் மட்டும்தான் இருக்கிறது. சில மாதங்களாக ரேஷன் கடை மெஷினில் அம்மாவின் ரேகை விழுவதில்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைக்கச் சொல்கிறார்கள், பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள், கடைசியில் “அடுத்த வாரம் வந்து பாருங்கம்மா” என்று அனுப்பிவிடுகிறார்கள். விதவை உதவித்தொகை கொண்டுவருபவரின் கைமெஷினிலும் இதே கதை. பக்கத்து வீட்டு அக்கா, எலுமிச்சைச் சாற்றில் விரலை ஊறவைத்துப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்தால் ரேகை வரும் என்கிறார். அம்மாவின் கையில் ஏழு விரலில் சக்கரம் இருந்ததாம். இப்போது ஒன்றுமே தெரியவில்லை. “என் எழுத்தே அழிஞ்சுபோச்சு” என்று அழுகிறார். ரேகை திரும்ப வருமா? இது ஏதாவது நோயா?
– ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்:

முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள்: ரேகை அழியவில்லை. பெரும்பாலும் மேற்பரப்புதான் தேய்ந்திருக்கிறது. கையைக் கவனித்துக்கொண்டால் சில வாரங்களில் மீண்டும் தெரியத் தொடங்கும். அதோடு, ரேகை விழவில்லை என்பதற்காக அவருக்கு அரிசியை மறுக்க யாருக்கும் அதிகாரமில்லை. இதை இரண்டாவதாகச் சொன்னாலும் முக்கியத்துவத்தில் இரண்டாவது இல்லை. எலுமிச்சை வைத்தியத்தை இன்றே நிறுத்திவிடுங்கள்.

நம் தோலில் இரண்டு அடுக்குகள் உண்டு. வெளியே இருப்பது மேல்தோல். அதன் செல்கள் அடியில் பிறந்து, மேலே ஏறி, காய்ந்து, உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. உள்ளே இருப்பது உள்தோல். விரல் ரேகையின் அச்சு இந்த இரண்டும் சேரும் இடத்தில் இருக்கிறது. உள்தோலிலிருந்து சின்னச் சின்ன முனைகள் வரிசை கட்டி மேல்தோலுக்குள் ஏறி நிற்கும். அந்த வரிசைகளின் போக்கைத்தான் வெளியே மேடும் பள்ளமுமாகப் பார்க்கிறோம். கோரைப்பாயின் மேல் ஈர வேட்டியை விரித்தால் பாயின் வரிகள் வேட்டியில் எழும்பித் தெரியும் அல்லவா, அதுபோல. வேட்டி நைந்து வரி மங்கினால் பாய்க்கு ஒன்றும் ஆகிவிடுவதில்லை. உங்கள் அம்மாவுக்கு நைந்திருப்பது மேலே உள்ளது.

தோல் மருத்துவர்களிடம் டெர்மாஸ்கோப் என்று ஒரு கருவி உண்டு. வெளிச்சம் வைத்த பூதக்கண்ணாடிதான் அது. பல வருடம் கொத்து வேலை பார்த்த ஒருவரின் விரலை அதில் பார்த்தால், நுனி வழவழவென்று பளபளக்கும், மேடு பள்ளம் எதுவும் தெரியாது. கொஞ்சம் எண்ணெய் தடவிவிட்டு வெளிச்சத்தைச் சரிசெய்தால் வெண்மையான நுண்புள்ளிகள் வரிசையாகத் தெரியவரும். அவை வியர்வைத் துளைகள். விரலில் வியர்வைத் துளைகள் ரேகையின் மேட்டில்தான் திறக்கும், பள்ளத்தில் திறப்பதில்லை. அதனால் மேடு தேய்ந்தாலும் அந்தப் புள்ளிகளை இணைத்துக்கொண்டே போனால் ரேகை எந்தப் பக்கம் வளைகிறது, எங்கே பிரிகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். நோயாளிகளுக்கு இதை நான் செல்போன் திரையில் பெரிதாக்கிக் காட்டுவதுண்டு. “இருக்குதா!” என்று அவர்கள் கேட்கும் குரலில் இருக்கும் நிம்மதியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

அம்மாவின் ஏழு சக்கரத்துக்கு வருகிறேன். சக்கரம், சங்கு என்று நம் வீடுகளில் குழந்தையின் விரலைப் பிடித்து எண்ணும் வழக்கம் பழையது. நாங்கள் படிக்கும் புத்தகத்திலும் கிட்டத்தட்ட அதே பிரிவுகள்தான்: சுழல், வளையம், வில் என்று மூன்று. உலக அளவில் 60–65 சதவீத ரேகைகள் வளைய வகை, நம் பாட்டிகள் சங்கு என்று சொல்வது. சக்கரம் அதைவிடக் குறைவு, வில் மிகக் குறைவு. வைத்தீஸ்வரன்கோயிலில் நாடி பார்க்கப் போனால் ஆணுக்கு வலது கட்டைவிரல், பெண்ணுக்கு இடது கட்டைவிரல் ரேகையை எடுத்துத்தான் ஓலை தேடுவார்கள். ஆகவே ரேகை மங்கினால் விதியே மங்கிவிட்டது என்று அம்மா பயப்படுவதில் ஆச்சரியமில்லை. ஆனால் சக்கரம் எப்படி வருகிறது என்பதை அவருக்குச் சொல்லுங்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயங்களில் இது ஒன்று.

தாயின் வயிற்றில் மூன்றாவது மாதம். குழந்தையின் விரல் நுனிகளில் சின்னதாக ஒரு வீக்கம் மேடிட்டு, பிறகு மெல்ல வற்றும். அந்தச் சமயத்தில்தான் ரேகைகள் எழுகின்றன. வீக்கத்தின் நடுவில், நகத்தடியில், கடைசி மூட்டின் மடிப்பில் என மூன்று இடங்களில் தொடங்கி, வரிவரியாக அலைபோலப் பரவி, ஒன்றோடொன்று வந்து சேர்கின்றன. எது முதலில் தொடங்கியது, எங்கே சந்தித்தது என்பதைப் பொறுத்துச் சக்கரமோ சங்கோ வில்லோ அமைகிறது. வீக்கம் உயரமாக இருக்கும்போதே ரேகை எழுந்தால் சக்கரம் அமைய வாய்ப்பு அதிகம். 2023-ல் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை விரிவாக விளக்கினார்கள். வரியைக் கிளப்பும் புரதச் சமிக்ஞை ஒன்று, அடக்கும் சமிக்ஞை ஒன்று, இரண்டின் இழுபறியில் மேடும் பள்ளமும் மாறி மாறி விழுகின்றன. உயிர்களின் உடலில் கோடுகளும் புள்ளிகளும் இப்படித்தான் உருவாக முடியும் என்று கணித மேதை ஆலன் டூரிங் 1952-லேயே எழுதியிருந்தார். ஐந்தாவது மாதம் பிறப்பதற்குள் அமைப்பு முடிவாகிவிடும். ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருக்குக்கூட நுணுக்கத்தில் ரேகை வேறு வேறு. ஒருவர் வயிற்றுக்குள் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தார், விரல் எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்பது வரை அதில் கலந்திருக்கிறது. உங்கள் பாட்டியின் வயிற்றில் இருந்தபோது விழுந்த வரி அது. பாத்திரம் தேய்க்கும் நாரால் அதைத் தொட முடியாது. அந்த வரியில் எதிர்காலம் எதுவும் எழுதப்படவில்லை என்பதும் என் உறுதியான கருத்து. ஆகவே அது மங்கியதால் அம்மாவின் வாழ்வில் எதுவும் குறையவில்லை.

ரேகை எவ்வளவு பிடிவாதமானது என்பதற்கு நம் நாட்டிலிருந்தே சான்று உண்டு. 1858-ல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலைக்குக் கல் சப்ளை செய்ய ராஜ்யதர் கோனாய் என்பவரோடு ஒப்பந்தம் போட்டார். பின்னால் மறுத்துப் பேசிவிடக்கூடாது என்று முத்திரை மையை அவர் உள்ளங்கையில் தடவி ஒப்பந்தத்தாளின் பின்புறம் பதித்துக்கொண்டார். அந்தப் பழக்கம் ஹெர்ஷலைப் பிடித்துக்கொண்டது. தன் விரல்களையே 1859-ல் பதித்தார், முதுமையில் 1916-லும் பதித்தார். தோல் சுருங்கியிருந்தது, ரேகை மாறவில்லை. இந்த ஆயிரக்கணக்கான பதிவுகளை எப்படி வகைப்படுத்தித் தேடுவது என்பதற்கு வழி கண்டவர்களில் கல்கத்தாவில் வேலைபார்த்த அஜிஜுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள் முக்கியமானவர்கள். 1897-ல் அங்கே ரேகைப் பதிவுக் கூடம் அமைந்தது. முறைக்குப் பெயர் மட்டும் அவர்களின் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியுடையதாகிவிட்டது. அது நியாயமில்லை என்பதால் இருவர் பெயரையும் இங்கே சொல்கிறேன். அமெரிக்காவில் ஜான் டிலிஞ்சர் என்ற வங்கிக் கொள்ளைக்காரர் 1934-ல் அமிலம் வைத்து விரல் நுனிகளைப் பொசுக்கிக்கொண்டார். அதே ஆண்டு மத்தியப் புலனாய்வு அதிகாரிகள் அவரைச் சுட்டுக் கொன்றபோது, மிச்சமிருந்த ரேகையே அடையாளம் காணப் போதுமானதாக இருந்தது. உள்தோல் வரை வெந்து தழும்பானால்தான் அந்த இடத்தில் ரேகை நிரந்தரமாகப் போகும்.

அப்படியானால் அம்மாவுக்கு என்ன ஆனது? ஈரச் சிமென்ட் கடுமையான காரம். காரத்தை அளக்கும் பிஎச் அளவுகோலில் அது 12, 13 அளவுக்கு இருக்கும். தோலை ஒட்டிவைத்திருக்கும் கொழுப்பை அது கரைத்துவிடும். கலவையில் உள்ள மணல் அரத்தைப்போல மேட்டைச் சீவும். சிமென்டில் உள்ள குரோமியம் சிலருக்கு ஒவ்வாமையையும் கொண்டுவரும். அதிலிருந்து தப்பி வந்தவரின் கையில் இப்போது சோப்புப் பவுடரும் கம்பி நாரும். பவுடர் எண்ணெய்ப்பசையை எடுக்க, கம்பி நார் மேட்டைத் தேய்க்க, நாள் முழுக்கத் தண்ணீரில் இருப்பதால் ஆறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை. வயதும் சேர்கிறது. ஐம்பதைத் தாண்டினால் விரலில் வியர்வை குறையும், தோலின் துள்ளல் குறையும், ரேகையின் உயரமும் தாழும். பெண்களுக்கு இயல்பாகவே ரேகைகள் மெல்லியவை, நெருக்கமானவை, அதனால் தேய்மானம் சீக்கிரம் கண்ணில் படும்.

மெஷின் பார்க்கும் விதமும் தெரிந்திருப்பது நல்லது. பல ஸ்கேனர்களில் கண்ணாடிக்கு அடியிலிருந்து ஒளி பாய்கிறது. கண்ணாடியை நன்றாகத் தொடும் மேடு கறுப்பாகவும், தொடாத பள்ளம் வெளுப்பாகவும் படத்தில் விழும். காய்ந்த விரலின் மேடு கண்ணாடியோடு சரியாக ஒட்டாது. கோடு விழ வேண்டிய இடத்தில் அறுந்த புள்ளிகள்தான் விழும். “தலையில தேய்ச்சுட்டு வைங்க” என்று கடைக்காரர்கள் சொல்வது வெறும் நம்பிக்கை இல்லை. தலையின் எண்ணெய்ப்பசை அந்த ஒட்டுதலைக் கொஞ்சம் கூட்டுகிறது. ஆனால் முந்தைய ஆட்களின் எண்ணெய் கண்ணாடியில் படிந்திருந்தால் அதுவே படத்தைக் குழப்பும். அதைத் துடைக்கச் சொல்லிக் கேட்க அம்மா தயங்க வேண்டாம்.

இன்னொன்று. பாத்திரம் தேய்த்துவிட்டு நேராக ரேஷன் கடைக்குப் போகிறாரா? தண்ணீரில் ஊறிய விரல் சுருங்கியிருக்கும்போது ரேகை நெளிந்து விழும். அந்தச் சுருக்கம் தோல் தண்ணீரைக் குடித்துப் புடைப்பதால் மட்டும் வருவதில்லை. நரம்புகள் உள்ளே உள்ள ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் வருவது. விரலுக்குப் போகும் நரம்பு அறுந்தவர்களுக்கு எவ்வளவு நேரம் ஊறினாலும் விரல் சுருங்குவதில்லை என்பதை 1930-களிலேயே மருத்துவர்கள் கவனித்துவிட்டார்கள். அதனால் ரேஷன் வாங்கும் நாளில் வேலைக்குப் போகும் முன்பே கடைக்குப் போய்விடுவது நல்லது.

நோயா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது வேலையால் வந்த தேய்மானமும் வறட்சியும்தான். ஆனால் சில கேள்விகளுக்கு அம்மாவிடம் பதில் வாங்குங்கள். உள்ளங்கையில் அரிப்பு, நீர்க்கொப்புளம், ஆறாத வெடிப்பு இருக்கிறதா? தோல் தடித்து உரிகிறதா? இருந்தால் அது கைக் கரப்பானாகவோ சொரியாசிஸாகவோ இருக்கலாம், சரிசெய்யக்கூடியதுதான். சூடு, குத்தல் தெரியாமல் மரத்துப்போகிறதா? குளிரில் விரல் வெளுத்து நீலமாகி, தோல் இறுகிவருகிறதா? இந்த இரண்டில் எது இருந்தாலும் தள்ளிப்போடாமல் நேரில் காட்ட வேண்டும். புற்றுநோய்க்கு மாத்திரை எடுப்பவர்களா என்றும் நாங்கள் கேட்போம். கேபசிடபின் என்ற மருந்தில் உள்ளங்கை சிவந்து உரியும், ரேகையும் மறையலாம். சிங்கப்பூரைச் சேர்ந்த 62 வயதுக்காரர் ஒருவர் அந்த மருந்தில் இருந்தபோது 2008 டிசம்பரில் அமெரிக்காவுக்குப் போனார். ரேகை விழாததால் குடிவரவு அதிகாரிகள் அவரை நான்கு மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். அவருடைய மருத்துவர்கள் அதை மருத்துவ இதழில் எழுதியபிறகு, இந்த மருந்தில் இருப்பவர்கள் டாக்டர் கடிதத்தோடு பயணம் செய்வது நல்லது என்ற எச்சரிக்கை பரவியது. பிறவியிலேயே ரேகை இல்லாத குடும்பங்களும் உலகில் உண்டு, மிக மிக அரிதாக. சுவிட்சர்லாந்துக் குடும்பம் ஒன்றை ஆராய்ந்து, ஒற்றை மரபணுவின் மாற்றமே காரணம் என்று 2011-ல் கண்டுபிடித்தார்கள். உங்கள் அம்மாவுக்கு ஏழு சக்கரத்தை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள் என்பதால் அந்தக் கவலை வேண்டாம்.

இனி கையைப் பார்ப்போம். எலுமிச்சை, வினிகர், படிகாரம், நார் எதுவும் வேண்டாம். அமிலமும் தேய்ப்பும் மிச்சமிருக்கும் மேட்டையும் எடுத்துவிடும். ஒவ்வொரு வீட்டு வேலை முடிந்ததும் கையை நல்ல தண்ணீரில் அலசி, ஒற்றித் துடைத்து, ஈரம் முழுதும் காய்வதற்குள் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவ வேண்டும். இரவில் 10 சதவீத யூரியா கலந்த கிரீமைத் தடவி, பழைய பருத்தித் துணியையோ பருத்திக் கையுறையையோ சுற்றிக்கொண்டு தூங்கட்டும். வெடிப்பு இருந்தால் யூரியா எரியும், அது ஆறும்வரை வாசலின் போதும். வேலை நேரத்தில் ரப்பர் கையுறை, அதற்குள் மெல்லிய பருத்திக் கையுறை. வெறும் ரப்பர் என்றால் உள்ளே வியர்த்து ஊறி, பாதிநாளில் கழற்றி வைத்துவிடுவார். கம்பி நாருக்குப் பதில் நீளக் கைப்பிடி வைத்த பிரஷ் கிடைத்தால் இன்னும் நல்லது. இவற்றை வாங்கித்தர வேண்டியவர்கள் வேலை வாங்கும் வீட்டார். தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள். இதைப் படிக்கிறவர்களில் வீட்டுவேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்கள் பாத்திரம்தான் அந்தக் கையைத் தேய்க்கிறது, கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

இப்படி ஒரு மாதம், ஒன்றரை மாதம் போனால் மேல்தோல் புதிதாகி ரேகை எழும்பும். மெஷினில் வைக்கும்போது விரல் நுனியைக் குத்தி வைக்காமல், சக்கரத்தின் நடு கண்ணாடியில் படும்படி தட்டையாக வைக்க வேண்டும். பதற்றத்தில் பலமாக அழுத்தினால் இருக்கும் மேடும் நசுங்கிவிடும். அதிகம் உழைக்காத இடதுகை மோதிர விரல் போன்றவற்றை முதலில் வைத்துப் பார்க்கலாம். தேறிய பிறகு ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்கில் பழைய பதிவோடு ஒப்பிடுவதாலும் மெஷின் மறுக்கும்.

அதுவரை அரிசி? ரேகை விழாதவர்களுக்கு மாற்று வழி தரவேண்டும், அதைக் காரணம் காட்டி ரேஷனை மறுக்கக்கூடாது என்று ஆதார் ஆணையமே 2017-ல் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. கருவிழி பார்க்கும் கருவி உள்ள கடையில் அதைக் கேட்கலாம். கார்டோடு இணைந்த செல்போனுக்கு வரும் ஓடிபியையும் கேட்கலாம். அம்மாவின் எண் மாறியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், அடிக்கடி சிக்கல் அங்கேதான் இருக்கிறது. 2023 டிசம்பரில், கேரளத்தில் விரல்களே இல்லாத ஒரு பெண்ணுக்குக் கருவிழியை வைத்து ஆதார் வழங்கினார்கள். ரேகை மங்கியவர்களுக்கும் அதே வழி பொருந்தும் என்று ஒன்றிய அரசு அப்போது தெளிவுபடுத்தியது. உதவித்தொகையை வங்கிக் கிளைக்கே நேராகப் போய்ப் பாஸ்புக் காட்டி எடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

கடையில் திருப்பி அனுப்பினால், பதிவாகவில்லை என்பதை எழுதித் தரும்படி கேளுங்கள். பிறகு வட்ட வழங்கல் அலுவலரிடம் மனு கொடுங்கள், 1967 என்ற எண்ணுக்கும் சொல்லலாம். மனுவோடு ஒரு மருத்துவச் சான்று இருந்தால் வேலை சுலபமாகும். பக்கத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவு புறநோயாளிச் சீட்டில், “தொழில் காரணமான தோல் தேய்மானம், விரல் ரேகை தற்காலிகமாகப் பதியாது” என்று எழுதித் தரச் சொல்லுங்கள். செலவு இருக்காது. அன்றைக்கே கையையும் பார்த்துவிடுவார்கள். ஒவ்வாமை சந்தேகம் இருந்தால் முதுகில் ஒட்டிப் பார்க்கும் பரிசோதனைக்கு நாள் குறிப்பார்கள். நீங்களும் ஒரு நாள் விடுப்பு எடுத்து அம்மாவோடு போங்கள். டெர்மாஸ்கோப்பில் விரலைக் காட்டச் சொல்லி அவரே பார்க்கட்டும். ஆறு வாரம் கையைப் பார்த்துக்கொண்ட பிறகும் நுனி வழவழப்பாகவே இருந்தால், கையின் படத்தோடு மறுபடி எழுதுங்கள்.